அஞ்சடியில் இருந்தவர்கள்

பினாங்குத் தீவுக்கு இன்று இரண்டு பாலங்கள் உண்டு. முதலாவது 1985-இல் திறந்தது. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம். இரண்டாவது 2014-இல் வந்தது. இரண்டையும் விட்டுவிட்டு மறுகரையிலிருக்கும் பட்டர்வொர்த்தில் ரயிலிலிருந்து இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தேன். தீவின் நகரமான ஜார்ஜ் டவுனைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். கப்பலில் வருகிறவனுக்கு முகம் காட்டி நிற்கும்படி கட்டிய ஊர் அது. பாலத்தில் போனால் அதன் முதுகுப்புறமாக நுழைகிறோம்.

கார்களையும் லாரிகளையும் ஆட்களையும் ஒன்றாகச் சுமந்த பழைய படகுகள் இப்போது ஓடுவதில்லை. 2023-இல் வந்த புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும் போகலாம். கண்ணாடி ஜன்னல், குளிர்சாதனம், நல்ல இருக்கைகள். உப்புக்காற்று உள்ளே வருவதில்லை. கரை நெருங்கும்போது முன்பு வெளியில் நின்று பார்த்த அதே வெள்ளைக் கட்டடங்களையும் மணிக்கூண்டையும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் மாகறல்காரன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர். சம்பந்தர் பதிகம் பெற்ற திருமாகறலீசுவரர் கோயில்தான் ஊரின் பெருமை. எங்கள் வீட்டில் தறி இருந்தது. பட்டு நூலும் ஜரிகையும் காஞ்சிபுரத்து முதலாளி கொடுப்பார். நெய்து கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பினாங்கு ஸ்திரீட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் சரக்கெடுக்கக் காஞ்சிபுரம் வந்தபோது, ஜரிகை பார்க்கத் தெரிந்த ஒரு பையன் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் முதலாளி என் பெயரைச் சொன்னார். அப்படித்தான் நான் கடல் தாண்டினேன்.

வேலை என்னவோ எனக்குத் தெரிந்த வேலைதான். ஜரிகையை லேசாகச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் சரக்கைத் திருப்பிவிட வேண்டும். கடையில் அதை வாடிக்கையாளர்களுக்கும் செய்துகாட்டுவேன். தமிழர்களைவிட மலாய்ப் பெண்கள்தான் இதைக் கூர்ந்து பார்த்தார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு உடுத்தும் சோங்கெட்டிலும் பொன்னிழை ஓடுகிறது. நல்லதையும் போலியையும் விரலாலேயே சொல்லிவிடும் கிழவிகள் இருந்தார்கள். எங்கள் ஊர் ஜரிகையை ஒரு மலாய்ப் பாட்டி விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்துத் தலையசைத்தபோது எனக்கு வந்த பெருமிதம், காஞ்சிபுரத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

படகை விட்டிறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் அந்தத் தெருக்கள். லெபோ பினாங்கு, லெபோ பசார், லெபோ குயின், லெபோ கிங். நாங்கள் பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட், குயின் ஸ்திரீட், கிங் ஸ்திரீட் என்றே சொல்வோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைப் பிடித்த கையோடு போட்ட தெருக்கட்டம் இது. வரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்ததும் நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி முஸ்லிம் வணிகர்கள். அவர்கள் இருந்த தெரு மலபார் ஸ்திரீட் எனப்பட்டு, 1798-இல் சூலியா ஸ்திரீட் ஆனது.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஒரே தெருவில் நான்கு மதங்கள் என்று தொடங்குகிறார்கள். அது உண்மைதான். முன்பு பிட் ஸ்திரீட் எனப்பட்ட, இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கில் வடக்கிலிருந்து நடந்தால் முதலில் புனித ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் முடிந்தது, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில். அடுத்து சீனர்களின் தெய்வமான குவான் யின் கோயில், ஹொக்கியன்காரர்களும் கான்டனியர்களும் 1800-ஐ ஒட்டிச் சேர்ந்து கட்டியது. அதைத் தாண்டினால் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் பின்புறம். கோபுரம் குயின் ஸ்திரீட்டைப் பார்த்து நிற்கிறது. பிறகு காதர் முகைதீன் கப்பித்தானாக, அதாவது சமூகத் தலைவராக, இருந்து 1801-இல் நிலம் பெற்ற பள்ளிவாசல். ஆனால் சுற்றுலாக் கையேடு இங்கே நின்றுவிடுகிறது. கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மட்டும் மனிதர்கள் கலந்துவிடுவதில்லை. ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததால் கலந்தார்கள். எனக்கு எழுத வேண்டியது அந்தக் கூரையைப் பற்றி.

நான் இருந்தது குயின் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு கடைவீடு. கீழே கடை, மேலே குடியிருப்பு, நடுவில் வானம் பார்த்த முற்றம், முன்னால் தெரு நெடுக ஒரே வரிசையாக ஓடும் ஐந்தடி அகல நடைக்கூரை. மலாயாத் தமிழர்களுக்கு அது அஞ்சடி. வெயிலானாலும் மழையானாலும் அஞ்சடியிலேயே தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடலாம். மண் ஒரு சீனச் சங்கத்துக்குச் சொந்தம். தலைக்குடித்தனம் கடையநல்லூரைச் சேர்ந்த ஒரு பெரியவர். பையனாக இருந்தபோது ராஜுலா கப்பலில் வந்தவர். அவரிடம் உள்வாடகைக்கு மாடி முன்னறையில் நாங்கள் ஜவுளிக்கடைப் பையன்கள். பின்னறையில் ஒரு சீனப் பாட்டி. கீழே ஒரு பக்கம் சாம்பிராணி, சந்தனக்குச்சி விற்கும் கடை. கடையநல்லூர் முஸ்லிம்களில் பலர் நெசவாளிகள் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. "தறிக்காரப் புள்ளயா? நாங்களும் தறிக்காரங்கதாம்ப்பா" என்று சொல்லி முதல் மாதம் பெரியவர் என்னிடம் வாடகை வாங்கவில்லை.

அந்த வீடு முழுவதற்கும் அவர் சங்கத்துக்குக் கொடுத்த வாடகை மாதம் நூறு வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவு. அதற்குக் காரணம் ஒரு சட்டம். 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது, குடியிருப்பவரைக் காரணமின்றிக் கிளப்பக்கூடாது என்று 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொன்னது. ஜார்ஜ் டவுனின் பழைய நகரம் முழுக்க அதற்குள் வந்தது. அதனால்தான் கிடங்குத் தொழிலாளியும் நாணயம் மாற்றுகிறவரும் தச்சரும் தட்டாரும் பூக்கட்டுகிறவரும் நகரத்தின் நடுவிலேயே வாழ முடிந்தது. மதமும் மொழியும் பார்த்து வீடு கொடுக்கும் வழக்கம் அங்கே செல்லவில்லை. காலி இருக்கிற அறைக்கு, வாடகை கொடுக்கக்கூடிய ஆள் வந்தார். அவ்வளவுதான். சட்டத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. வருமானம் இல்லாத வீட்டைச் சொந்தக்காரர் பழுது பார்க்க மாட்டார். எங்கள் கூரை ஒழுகியது. மாடிப்படியின் ஒரு பலகை உளுத்திருந்தது. மழைக்காலத்தில் அறையில் வாளி வைத்துப் படுத்தோம். ஆனால் பழுது பார்க்காதவர் இடிக்கவும் இல்லை. உலகம் இன்று போற்றும் அந்தத் தெருவரிசை அப்படித்தான் தப்பிப் பிழைத்தது.

பின்னறைப் பாட்டி அஞ்சடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து பொன்தாள் மடிப்பார். இறந்தவர்களுக்காக எரிக்கும் தாள். மலாய் பாதி, தமிழ் கால், மீதி ஹொக்கியன் என்று பேசுவார். சீனர்களின் ஏழாம் மாதத்தில், பசியோடு அலையும் ஆவிகளுக்குப் படையல் போடுவார்கள். தெருவில் ஆளுயர ஊதுவத்திகள் புகையும். அந்த மாதம் முழுவதும் இரவில் தாமதமாக வந்தால் பாட்டியிடம் திட்டு விழும். "ஆத்தா கோயில் திருநூறு வெச்சுக்கிட்டுப் போ" என்பார். சுவரில் அவருடைய குவான் யின் படத்துக்கு அருகே மாரியம்மன் படமும் இருந்தது. அது அவருக்குக் கொள்கையோ பெருந்தன்மையோ இல்லை. அம்மை போட்ட பேத்திக்கு வேப்பிலை கொடுத்தது யார் கோயிலோ, அந்தத் தெய்வம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

பெரியவர் நோன்பு வைத்த மாதத்தில் கஞ்சி எங்கள் அறைக்கும் வரும். பொங்கலன்று முற்றத்தில் நாங்கள் பானை வைப்போம்; அடுப்புக்கரி பாட்டியுடையது. வீட்டுக்குள் பன்றிக்கறியும் மாட்டுக்கறியும் சமைப்பதில்லை என்று யார் எப்போது முடிவு செய்தார்களோ, நான் போவதற்கு வெகு காலம் முன்பே அது வழக்கமாகியிருந்தது. பாட்டிக்குப் பன்றிக்கறி வேண்டுமென்றால் மகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது சண்டையே இல்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். 1867 ஆகஸ்டில் பத்து நாள் இந்தத் தெருக்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சீனர்களின் கீ ஹின் சங்கத்துக்கும் தோ பே கோங் சங்கத்துக்கும் போர். அதில் கவனிக்க வேண்டியது அணிகள். ஒரு சீனச் சங்கத்தோடு மலாய், தமிழ் முஸ்லிம்களின் வெள்ளைக்கொடிச் சங்கம் சேர்ந்தது. எதிர்ச்சங்கத்தோடு சிவப்புக்கொடிச் சங்கம் சேர்ந்தது. இனத்துக்கு இனம் என்று அடித்துக்கொள்ளவில்லை. தெருவும் தொழிலும் பார்த்து அடித்துக்கொண்டார்கள். பகைமையில்கூட அந்த ஊர் கலந்துதான் இருந்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் பினாங்கைச் சொல்ல முடியாது. காவடிபோலத் தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தூக்கித் துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள் தமிழ் முஸ்லிம்கள். அதுவே நாசி கண்டார். கேம்பல் ஸ்திரீட்டு ஹமீதியா 1907-இலிருந்து நடக்கிறது. மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஆட்டுக் குழம்பும் ஒன்றாகச் சோற்றின் மேல் வெள்ளமாக ஊற்றுவார்கள். வீட்டில் குழம்புகளைக் கலந்தால் அம்மா முகம் சுளிப்பாள். அங்கே கலக்காமல் கேட்டால் பரிமாறுகிறவர் முகம் சுளிப்பார். எனக்கு அதைவிடப் பிடித்தது ஒட்டுக்கடை மீ கோரெங். மஞ்சள் நூடுல்ஸும் சோயாக்கட்டியும் சீனர் அடுக்களையிலிருந்து. கணவாய்மீனும் மிளகாய்ச் சாறும் மலாய்க் கரையிலிருந்து. மசாலாவும் வாணலி போடும் கையும் இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து. இப்படி ஒரு தட்டு எந்த ஒரு நாட்டிலும் தனியாகப் பிறந்திருக்க முடியாது.

இத்தனை ஆண்டு கழித்துத் திரும்பிப் போனபோது முதலில் தேடியது அந்த ஒட்டுக்கடையை. இடம் மாறியிருந்தாலும் கடை இருந்தது. வாணலி முன்னால் நின்றவர் பழைய ஆளின் மகன். பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் பர்மாக்காரர். தமிழில் எண்ணச் சொன்னால் இருபது வரை எண்ணினார்.

நான் இருந்த வீடு விடுதியாகிவிட்டது. அதை எதிர்பார்த்தே போனேன். வரவேற்பறைப் பெண்ணிடம் சொன்னதும் உள்ளே விட்டார். முற்றம் இருக்கிறது, பானை வைத்த இடத்தில் மீன்தொட்டி. மாடிப்படிப் பலகைகள் பளபளவென்று தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கின்றன. எங்கள் முன்னறையில் ஓர் இரவுக்கு வாங்கும் கட்டணம், பெரியவர் நாலைந்து மாதங்களுக்குக் கொடுத்த வாடகைக்குச் சமம். தச்சு வேலையும் சுண்ணாம்புப் பூச்சும் மிக நேர்த்தி. செய்தவர்கள் கட்டடத்தை நேசித்திருக்கிறார்கள், அதில் ஐயமில்லை. கட்டடம் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. அதில் வாழ்ந்தவர்களில் ஒருவரும் அந்தத் தெருவில் இல்லை.

நடந்தது இதுதான். 1997-98-இல் ஆசியப் பொருளாதாரம் கவிழ்ந்தது. வெள்ளியின் மதிப்பு சரிந்து, 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தார்கள். பட்டு வாங்குவோர் குறைந்தார்கள். நானும் ஊர் திரும்பினேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-லேயே ரத்து செய்திருந்தார்கள். கொடுத்த கெடு 1999 கடைசியோடு முடிந்தது. 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து வாடகையைச் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு வைக்கலாம். பல மடங்கு ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாதவர்கள் தீவின் ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும், கடல் தாண்டிப் பட்டர்வொர்த் பக்கத்துக்கும் போனார்கள். காலியான வீடுகள் சிலவற்றில் மனிதர்களுக்குப் பதிலாக உழவாரக் குருவிகளைக் குடிவைத்தார்கள். ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, கூட்டை எடுத்து விற்றார்கள். பின்னால் பாரம்பரியப் பகுதிக்குள் அது தடைசெய்யப்பட்டது.

2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல பண்பாடுகள் சேர்ந்து வாழும் உயிருள்ள சான்று என்பது சேர்த்ததற்கான காரணங்களில் ஒன்று. அந்தப் பண்பாடுகளைச் சுமந்த குடும்பங்களின் வீட்டுப் பாதுகாப்பு போய் அதற்குள் எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2012-இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் ஒரு லித்துவேனிய ஓவியர் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளைச் சுவரில் வரைந்தார். அழகான ஓவியம். அதன் பக்கத்தில் நின்று படமெடுக்க வரிசை நிற்கிறது. அந்தத் தெருக்களில் உண்மையாகச் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள் இன்று எந்த அடுக்குமாடியில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ.

சீனப் பாட்டி எப்போதோ இறந்துவிட்டார். பெரியவரும் இல்லை. அவர் பேரன் நாணயம் மாற்றும் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தான். கடை இங்கே, வீடு தீவின் மறுபக்கம். "காலையில வர்றோம், ராத்திரி போறோம் அங்கிள். வாப்பா காலத்துல கீழ எறங்குனா கடை. இப்ப மோட்டோ நிறுத்த எடம் தேடணும்" என்றான். குவான் யின் கோயில் பக்கம் போவதுண்டா என்று கேட்டேன். எதற்கு என்பதுபோல் பார்த்தான். குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் குவான் யின் இருந்த பாட்டி அவனுக்கு வாய்க்கவில்லை.

எல்லாம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மார்க்கெட் ஸ்திரீட்டில் மாலை ஐந்து மணிக்கு நின்றால் மல்லிகை வாசமும் தமிழ்ப் பாட்டுச் சத்தமும் முன்பு போலவே. கிங் ஸ்திரீட்டில் சீனக் குலச் சங்கங்களின் கூடங்கள் அப்படியே இருக்கின்றன. லிட்டில் இந்தியா என்று பலகை வைத்த பகுதிக்குள் சீன முன்னோர்களின் பலகைக்கு ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். சூலியா ஸ்திரீட்டில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்கா. வெள்ளிக்கிழமை மாரியம்மன் சந்நிதியில் சீனப் பெண்கள் சிலர் எலுமிச்சை விளக்கோடு நின்றார்கள். வாணலி அருகே தமிழ் எண்ணும் பர்மாக்காரரும், அதே தெருவில் ஒரு மாடி அறையில் நெருக்கிப் படுக்கும் வங்கதேசத்துப் பையன்களும் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு முன் நாங்கள் இருந்தது போல. அடுத்த கலப்பு நடந்தால் அவர்களிடம்தான் நடக்கும். அவர்களுக்கு அறை மிஞ்சுமா என்பதே கேள்வி.

எங்கள் தறியில் உடலையும் வேறு நிறக் கரையையும் இணைக்கும் கோர்வை போடும்போது உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா ஓடும். மறுமுனையில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை எடுத்துவிட்டால் இரண்டு நிறத் துணி கிடைக்கும், கோர்வை கிடைக்காது. ஜார்ஜ் டவுனில் உடலும் கரையும் பத்திரமாக இருக்கின்றன. இரண்டையும் கோத்துக்கொண்டிருந்த ஆட்களைத்தான் எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு காஞ்சிபுரத்தில் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தபோது இதே கவலை கூட வந்தது. எங்கள் பட்டும் ஓர் ஊர்ச் சரக்கு இல்லை. இழை கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து, நெய்கிறவர்களில் எத்தனையோ வீடுகளில் இன்றும் பேச்சு தெலுங்கில். பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேன் ஏறுகிறார்கள். பழைய ஓட்டு வீடுகள் விலைபேசப்படுகின்றன. காஞ்சிபுரத்தின் பழைய தெருக்களைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தூண்களையும் திண்ணைகளையும் கணக்கெடுக்கும் அதே தாளில், அந்த வீட்டில் குடியிருப்பவர் யார், என்ன வாடகை கொடுக்கிறார், தறி ஓடுகிறதா என்பதையும் எழுதுங்கள். வாடகைக்கு ஒரு வழி செய்யாமல் பாரம்பரியம் என்ற பட்டத்தை மட்டும் கொடுத்தால், முதலில் வெளியே போவது தறிக்காரர்கள்தான்.

பினாங்கு போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தைப்பூசத்தன்று எல்லாரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவார்கள். 2012-இல் திறந்த மலைக்கோயிலுக்கு ஐந்நூற்றுக்கும் மேல் படி ஏற வேண்டும், அதையும் பாருங்கள். ஆனால் ஒருநாள் முன்னதாகவே போய்விடுங்கள். 1894-இலிருந்து நகரத்தார் இழுத்துவரும் வெள்ளிரதம் அன்று அதிகாலையில் பினாங்கு ஸ்திரீட்டுக் கோயில் வீட்டிலிருந்து புறப்படும். வழிநெடுக மலைபோல் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் ஏராளமானோர் சீனர்கள். அவர்களும் பலர் அடுக்குமாடிகளிலிருந்து இருட்டிலேயே கிளம்பி வந்தவர்கள்தான். பக்கத்தில் நிற்பவர் கையில் ஒரு தேங்காய் கொடுத்தால் வாங்கி உடையுங்கள். பிறகு, அவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்று கேளுங்கள். நின்று சொல்வார்.